மடக்கு நாற்காலி

அளவு நாடாவை அத்தையின் முழங்காலுக்கும் தரைக்கும் நடுவே மகள் இழுத்துப் பிடித்ததுதான் தாமதம், அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போட்டாள்.

"உசிரோட இருக்கறவங்கள எதுக்குடி அளக்கற?"

"ஸ்கூல் பட்டறைக்கும்மா. வீட்ல யாருக்கு என்ன கஷ்டம்னு பாத்து, அவங்களுக்கு ஒரு பொருள் செய்யணும். அத்தைக்கு நாற்காலி செய்யப் போறேன்."

"நம்ம வீட்ல நாற்காலிக்கு என்ன பஞ்சம்?" என்றார் கூடத்திலிருந்து அப்பா.

பஞ்சமில்லைதான். கூடம் நிறைய நாற்காலிகள் கிடந்தன. கணவன் செத்ததும் தம்பி வீட்டோடு வந்துவிட்ட அத்தையை அவற்றில் உட்காரக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. உட்காருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. எல்லாரும் சாப்பிட்டபின் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். விருந்தாளி வந்தால் பின்னறைக்குப் போய்விடுவாள். கேட்டால் அது மரியாதையாம். யாருக்கு மரியாதை என்று மட்டும் கேட்கக்கூடாது.

தரையிலிருந்து எழும்போது அத்தை சுவரைப் பிடித்து, பாதியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை எழுவாள். மகளும் இதைக் கவனித்ததில்லை. பட்டறை ஆசிரியர் கவனிக்கச் சொன்ன பிறகுதான் அவள் கண்ணில் பட்டது. அவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மில்லிமீட்டர் சார். "நீயா முடிவு பண்ணாத. யாருக்குச் செய்யறியோ அவங்களையே கேளு" என்பது அவருடைய ஓயாத பாட்டு.

கேட்டாள். "நாற்காலி எப்படி இருக்கணும் அத்தை?"

அத்தை வெகுநேரம் யோசித்தாள். கேள்வி பழக்கமில்லாதது.

"மடக்கற மாதிரி செய்யி. யாராவது வந்தா சட்டுனு அலமாரிக்குப் பின்னால தள்ளிடலாம்."

"எதுக்கு ஒளிக்கணும்?"

"நான் உக்காந்திருக்கறதப் பாத்தா உங்கப்பாவுக்குச் சங்கடம்."

உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். அழுதிருந்தாலாவது தேவலை என்றிருந்தது மகளுக்கு.

முதலில் அட்டையில் மாதிரி செய்தாள். அது அவள் உட்கார்ந்ததுமே நசுங்கியது. பிறகு மரம். ஒரு கால் குட்டையாகிப்போய் மறுபடி அறுத்தாள். கீலில் விரல் நசுங்கியது. தொடையில் குத்தாமலிருக்க இருக்கையின் முன்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மழுக்கினாள்.

பள்ளிக் கண்காட்சியில் அதற்கே முதல் பரிசு. நடுவர் மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். "இருக்கற இடமே தெரியல பாருங்க!" என்று வியந்தார். முன்வரிசையில் அப்பா பலமாகக் கை தட்டினார். அத்தை வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?

பரிசு நாற்காலி, ஒட்டிய ரிப்பனோடு, கூடத்தில் நடுநாயகமாக அமர்ந்தது. அதன்மேல் யாரும் அமரவில்லை.

"அத்தைக்குச் செஞ்சதும்மா அது."

"பரிசு வாங்குன பொருளுடி. அடுப்படில போட்டா பாழாயிடும். அண்ணி கேட்டாங்களா என்ன?"

அண்ணி கேட்கவில்லை. அவள் எதைத்தான் கேட்டாள்?

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் மேலதிகாரி மனைவியோடு வந்தார். வழக்கம்போல அத்தை பின்னறைக்குப் போனாள். அப்பா நாற்காலியை மடக்கி விரித்துக் காட்டினார்.

"பிரமாதம். யாருக்காகம்மா செஞ்சே?" என்றார் மேலதிகாரி.

"சும்மா ஸ்கூல் வேலை சார்" என்று அப்பா முந்திக்கொண்டார்.

மகள் பின்னறை வாசலுக்குப் போனாள். "அத்தை, வாங்க. உக்காந்து காட்டுங்க."

அத்தை வந்தாள். வாசற்படியில் நின்று தம்பி முகத்தைப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்தாள். நடந்துவந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்குங்க?" என்று கேட்டாள் அதிகாரியின் மனைவி.

"தெரியலம்மா. உக்காந்து ரொம்ப நாளாச்சு."

மகள் அத்தையின் பாதங்களைப் பார்த்தாள். இரண்டும் தரையில் சமமாகப் பதிந்திருந்தன. அளவு சரி.

அப்பா சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை. "சரிக்கா, பாத்துட்டாங்க. எந்திரிச்சு உள்ள போ."

அத்தை அசையவில்லை. கைகள் மடியிலேயே கிடந்தன.

"முடியல தம்பி" என்றாள். "முட்டி வலிக்குது."

இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவள் அதைச் சொன்னது அன்றுதான்.