தின்னவன் தீர்ப்பு

இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய், அதை ரோஸ்லின் தன் இடது உள்ளங்கையில் நீல மைப் பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறாள், மழை பெய்கிறது, லாரியின் பின்கதவைப் பிடித்தபடி நான் நிற்கிறேன், நாளுக்கு எழுநூற்று எண்பது, மூன்று நாள் கூலி, நிகழ்ச்சி நடத்தியவன் வசூலோடு ஓடிவிட்டான், நான் தர்றேன்ண்ணே, என் பாட்டுக்குத்தானே பெட்டி தூக்குனீங்க என்கிறாள், ரெண்டு, மூணு, நாலு, சைபர் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி எழுதுகிறாள், எழுத எழுத மை கரைந்து மணிக்கட்டு வழியாக இறங்குகிறது, அது அவளுக்குத் தெரிகிறதா இல்லையா, பதினோரு வருஷமாக என்னைக் குடைகிற கேள்வி அதுதான், கொட்டுகிற மழையில் எவளாவது கையில் எழுதுவாளா, அழியட்டும் என்றே எழுதினாளா, சட்டென்று மழை நிற்கிறது, இல்லை, மழையே இல்லை, இது மே மாத வெயில், லாரி ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிவிட்டது, பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கின்றன, முன்னால் நாங்கள் மூன்று பேர், ஓட்டுகிற இருளப்பன், நடுவில் காஜா மைதீன், ஜன்னலோரம் நான், அந்த இரண்டு பேரும் பழைய சண்டையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள், பெண் முன்னால் நின்று பாடுகிற ராக் குழுக்களில் எது பெரிய குழு, இருபத்தாறு வருஷமாக நாங்கள் சுமந்த பெட்டிகளில் எவள் குரல் பெரியது.

இருளப்பனுக்குக் கருநாகம்தான், அந்தக் குழுவில் பாடும் தேவிகா பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினால் ரோட்டில் போகிற பஸ் நிற்கும், நான் பாத்திருக்கேன்டே, திண்டிவனத்துல கண்டக்டர் எறங்கி வந்து யாருக்கு அடிபட்டுச்சுன்னு கேட்டான் என்பார், அதுக்குப் பேரு பாட்டா, ஆம்புலன்ஸா என்பான் காஜா, அவனுக்குச் செவ்வெறும்பு, ரோஸ்லினின் குழு, அவ கத்தவே மாட்டாபா, பக்கத்து ஊட்டு அக்கா கணக்கா பேசிக்கினே இருப்பா, நாலாவது வரில கழுத்தப் புடிப்பா, உட மாட்டா, என்று தன் கழுத்தைத் தானே பிடித்துக் காட்டுவான், அவன் அப்படிக் காட்டும்போதெல்லாம் நான் அவன் முகத்தைப் பார்க்காமல் சட்டைப்பையைப் பார்ப்பேன், அந்த மழையில் அவனுக்கும் இரண்டு நாள் கூலி பாக்கி, ஆயிரத்து ஐந்நூற்று அறுபது, அது அவனுக்கு வந்துவிட்டதா, வராமலா இப்படிப் புகழ்கிறான், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், காஜா, அந்தப் பொண்ணு உனக்குக் குடுத்துச்சா, கேட்டதும் அவன் ஜன்னலுக்கு வெளியே எதையாவது கண்டுபிடிப்பான், தோ பாரு, ஒட்டகம் என்பான், அது மரமாக இருக்கும், போஸ்ட் கம்பமாக இருக்கும், ஒரே ஒரு தடவை நிஜமாகவே ஒட்டகமாக இருந்தது, அன்றைக்கு அதையும் நான் நம்பவில்லை.

இன்றைக்கு இருளப்பன் புதுசாக ஒன்று கொண்டுவந்தார், தின்னவன் தீர்ப்புச் சொல்லக்கூடாதுடே, காஜா, ஒம்பொண்டாட்டி பிரசவத்துல கெடந்தப்ப ரோஸ்லின் ஆஸ்பத்திரிக்குக் கார் புடிச்சுக் குடுத்தாள்ல, ஒன் ஓட்டுச் செல்லாது என்றார், காஜா விடுவானா, நீ போட்டுக்கினு இருக்கிறது இன்னா, மே மாசத்துல லெதர் கோட்டு, கருநாகத்துல கிடாரு வாசிக்கிறவன் குடுத்ததுதானே, அவுத்துப் போடு, அப்பால பேசு என்றான், வேர்வை வழிய இருளப்பன் சிரித்தார், கோட்டைக் கழற்றவில்லை, அப்போது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், இவன் யாருகிட்டயும் ஒண்ணும் வாங்குனதில்லயே, இவன் சொல்லட்டும், எது பெரிசுன்னு இவன் சொன்னா அதோட முடிச்சிக்குவோம் என்று காஜா சொன்னான், என்னை யாரும் எதையும் சொல்லச் சொன்னதில்லை, தூக்கு என்பார்கள், இறக்கு என்பார்கள், நாற்பது வயதுக்கு மேல் பெட்டி மேலே ஒட்டியிருக்கிற பெயர்களைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன், கல்லூரிப் பையன்கள் பாட்டைப் பற்றிப் பேசும்போது வயர் சுற்றிக்கொண்டு கேட்டவன், எனக்கென்று ஒரு தீர்ப்பு உள்ளே கிடந்தது, கேட்பார் இல்லாமல் கிடந்தது, வாயைத் திறந்தேன், பொறு பொறு என்று இருளப்பன் கையைத் தூக்கினார், இவனுக்கு அவ பாக்கிடே, பாக்கி வரவேண்டியவன் தராசும் ஒரு பக்கம் சாயும், ஒசத்திச் சொன்னா பணத்துக்குச் சொன்னாம்பாக, தாழ்த்திச் சொன்னா கடுப்புல சொன்னாம்பாக, இன்னைக்கு அவ கச்சேரிதானே, பழைய பாக்கியெல்லாம் கையோட தரப்போறாள்னு நம்ம சவுண்ட் செட்டு மொதலாளி சொன்னாரு, பணத்த வாங்குனா வாய மூடு, வாய்ல தீர்ப்பு வேணும்னா பணத்த வுடு.

இதை ஏன் இவர் இன்றைக்குச் சொல்கிறார், நான் வேண்டாம் என்றதும் இவரே போய் என் பேரைச் சொல்லி வாங்கிக்கொள்ளவா, காஜா ஏன் சிரிக்கிறான், இரண்டு பேரும் நேற்றே பேசி வைத்துக்கொண்டார்களா, கண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது, எழுத்து இப்போதெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்துத் தெரிகிறது, படிக்கக் கற்று பத்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் கண் போகிறது, கண்ணாடிக்கு இரண்டாயிரத்து இருநூறு ஆகுமாம், ரோஸ்லின் கொடுத்தால் கண்ணாடி போக நூற்று நாற்பது மிஞ்சும், இது எனக்குத் தெரியும், இவர்களுக்கும் தெரியுமா, சாலை வெயிலில் அலையலையாக நெளிகிறது, அது தண்ணீர், இல்லை, கானல், கச்சேரி நடக்கப்போகிற கல்லூரி வாசல் வந்துவிட்டது.

பெட்டிகளை இறக்கி அடுக்கி வயர் போட்டபோது மணி நாலு, சவுண்ட் செக்கில் என் வேலை மைதானத்தின் கடைசியில் போய் நிற்பது, குரல் அங்கே வந்து சேர்ந்தால் கையைத் தூக்க வேண்டும், சேராவிட்டால் தூக்கக்கூடாது, மேடையில் ரோஸ்லின் ஏறுகிறாள், சதை போட்டிருக்கிறாள், முன்முடி நரைத்திருக்கிறது, மைக்கைத் தட்டாமல் பேசுகிற மாதிரி ஆரம்பிக்கிறாள், நான் சந்தேகத்தோடு கேட்கிறேன், இந்தக் குரல் இப்போது வருகிறதா, பதிந்து வைத்ததை ஓட்டுகிறார்களா, இப்போது பல குழுக்கள் அப்படித்தான், அவள் நடுவில் இருமினாள், இருமலும் கடைசி வரைக்கும் வந்தது, அப்படியானால் நிஜக் குரல்தான், நாலாவது வரியில் காஜா சொன்ன மாதிரியே கழுத்தைப் பிடித்தது, நான் கையைத் தூக்கினேன், மேடையிலிருந்து அவளும் கையைத் தூக்கினாள், எனக்கா, என் பின்னால் யாருக்காவதா, திரும்பிப் பார்த்தேன், சுவர்தான் இருந்தது.

அவளே மைதானம் முழுக்க நடந்து வந்தாள், அண்ணே, நீங்கதானே, உங்களுக்கு நான் பாக்கி வச்சிருக்கேன், எவ்வளவுன்னு மறந்துபோச்சு, கையில எழுதினது அன்னிக்கே அழிஞ்சிடுச்சு, நீங்களே சொல்லுங்க என்றாள், தொகையை மறந்தவளுக்குக் கையில் எழுதியது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது, நான் என்ன சொல்வேன் என்று ஆழம் பார்க்கிறாளா, ஐயாயிரம் என்றாலும் தருவாளா, காஜா அண்ணன் மறுவாரமே வீட்டுக்கு வந்து வாங்கிட்டுப் போயிட்டார், நீங்க வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன், நீங்க மட்டும் வரவே இல்லையே என்றாள், ஒட்டகங்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக என் கண் முன்னால் நடந்து போயின, நான் சந்தேகப்பட்டது சரிதான், ஆனால் சரியாகப் போனதில் ஒரு சந்தோஷமும் இல்லை, காஜா போய்க் கேட்டான், நான் போகவில்லை, கேட்டால் கொடுத்துவிடுவாளோ என்று பயந்தேனா, கொடுத்துவிட்டால் அப்புறம் யாரைச் சந்தேகப்படுவது, அவள் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாள், ஒண்ணும் இல்லம்மா, அது தீர்ந்துபோச்சு என்று என் வாய் சொன்னது, யாரு தீர்த்தா என்று இப்போது அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள், நான்தாம்மா, போய்ப் பாடு, கீழ்க்குரல்தான் கொஞ்சம் கம்மியா வருது, மிக்ஸர்ல உக்காந்திருக்கிற பையன்கிட்ட சொல்லு என்றேன்.

லாரி நிழலில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள், காஜா என் முகத்தைப் பார்த்ததுமே, சொல்லிட்டாளா, சொன்னா என் ஓட்டு செல்லாதுன்னுவீங்கன்னுதான்பா மறைச்சேன் என்றான், பணத்தை விட்டுட்டேன் என்றேன், இருளப்பன் டம்ளரைக் கீழே வைத்தார், நெசமாவா என்றார், நிஜம்தான் என்றேன், இப்ப சொல்றேன், ரோஸ்லின் ரெண்டாவது, காஜா வாயிலிருந்த டீ வெளியே வந்துவிட்டது, அடப்பாவி, ரெண்டாயிரத்து முந்நூத்தி நாப்பது ரூபாய வுட்டுட்டு ரெண்டாவது எடமா என்றான், அப்ப மொதல்ல தேவிகாவா என்று இருளப்பன் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டார், தேவிகா ஏழாவது என்றேன், முதலில் ஊசிப்பட்டாசு, அரக்கோணத்தில் வாசித்த மூன்று பெண்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்காது, மொத்தமே நாற்பது பேர் கேட்டார்கள், பாடினவளுக்குப் பதினெட்டு வயசு இருக்கும், நான் கடைசியில் நின்றேன், குரல் வந்து சேர்ந்தது, என் கை எழவில்லை, கை இருப்பதே மறந்துவிட்டது, மேடையிலிருந்து கேக்கலையா கேக்கலையா என்று கத்துகிறார்கள், நான் அப்படியே நிற்கிறேன், என் வேலையை நான் மறந்து நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான், அதனால் அவர்கள்தான் பெரிய குழு, அவ்வளவுதான், தீர்ப்பு.

ஏழாவதா, அநியாயம்டே என்று மட்டும் இருளப்பன் முனகினார், மைதானத்தில் ரோஸ்லின் கீழ்க்குரலைச் சரிசெய்து திரும்பப் பாடுகிறாள், நான் சக்கரத்தில் சாய்ந்து கண்ணை மூடுகிறேன், மழை பெய்கிறது, லாரியின் பின்கதவு, அவள் உள்ளங்கையை விரித்து எழுதுகிறாள், ரெண்டு, மூணு, நாலு, சைபர், மை கரைகிறது, அவள் எதற்காக எழுதினாள் என்று நான் கேட்கவில்லை, அந்தக் கையைப் பிடித்து மழையில் இன்னும் கொஞ்சம் நீட்டிக் காட்டுகிறேன், முதலில் சைபர் போகிறது, அப்புறம் நாலு, மூணு, ரெண்டு, கை வெறும் கையாகிறது, அதை அவள் மேலே தூக்குகிறாள், கேக்குதாண்ணே என்கிறாள், கேக்குதும்மா.