மாடி வீட்டின் பாதி வரி

பெரியவளுக்குத் திரைச்சீலை தைக்கும் தொழில், கீழ் வீட்டில். அவள் ஓரகத்தி சின்னவளுக்கு வயலின் சொல்லிக்கொடுக்கும் தொழில், மாடியில். இருவருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. அதனால் அவர்கள் குடியேறியிருந்த வெளிநாட்டுச் சட்டப்படி வருஷ வரியை உத்தேசமாகக் கணக்குப் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தவணையாக அவர்களே முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஒரே கம்ப்யூட்டர் முன்னால் அடுத்தடுத்து உட்கார்ந்து கட்டுவது வழக்கம். சின்னவள் கட்டும்போது பெரியவள் பக்கத்தில் நின்று நகத்தைப் பார்ப்பாள். நகத்தில் என்ன இருக்கிறது, கண்ணெல்லாம் ஸ்கிரீனில்தான். இருவர் தொகையும் ஏறக்குறைய ஒன்று என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி.

இந்த வருஷம் முதல் தவணையிலேயே அந்த நிம்மதி போயிற்று. சின்னவள் வழக்கமாகக் கட்டுவதில் பாதிதான் கட்டினாள்.

"என்னடி, தொழில் டல்லா?" ஆசையாகத்தான் கேட்டாள்.

"இல்லக்கா, இந்த வருஷம் ஒரு கிரெடிட் வரும். கட்ட வேண்டிய வரியிலேர்ந்து அப்படியே கழிச்சுக்கலாம். அதான் இப்பவே குறைச்சுக் கட்டறேன்."

என்ன கிரெடிட் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் ஆகிவிடுவாளே! தலைவலி என்று சொல்லித் தன் தவணையைத் தள்ளிப் போட்டாள். தலை நன்றாகத்தான் இருந்தது, வயிறுதான் எரிந்தது. ஏதாவது சாக்குச் சொல்லி மாடி ஏறி இறங்கியதில் அங்கே புது ஜன்னல் போட்டிருந்தது கண்ணில் பட்டது. இரட்டைக் கண்ணாடி, வெயிலும் குளிரும் உள்ளே வராதாம், கரண்ட் மிச்சமாம். அதற்கு அரசாங்கம் வரியில் சலுகை தருகிறது என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. அவ்வளவுதான். புருஷனைப் பிடுங்கி எடுத்துக் கீழ் வீட்டு ஜன்னல்களையும் மாற்றினாள். புதுத் தையல் மிஷினுக்குச் சேர்த்த பணம் அதில் கரைந்தது. வரித் தவணையும் பாதியாயிற்று. ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்து, சின்னவள் கட்டிய அதே தொகை. ஒரு காசு கூட அதிகமில்லை. சின்னவளுக்கு மட்டும் சலுகை கிடைத்துவிடுமா என்ன?

கடைசித் தவணைக்கு முன்னால் ஆடிட்டரிடம் போனாள்.

"ஜன்னலுக்குக் கிரெடிட் உண்டும்மா, ஆனா அது கொசுறு. நீங்க பாதி வரியையே விட்டுட்டீங்க. இப்ப மிச்சத்தை மொத்தமாக் கட்டினாலும் முந்தின தவணைக்கெல்லாம் அபராதம் விழும். எதை நம்பிக் குறைச்சீங்க?"

ஓரகத்தியை நம்பி என்று சொல்லவா முடியும்? முகம் கொதிக்க நேரே வந்து மாடி ஏறினாள்.

"ஜன்னலுக்கு உனக்கு மட்டும் எப்படிடி அவ்வளவு கழிச்சாங்க?"

வயலினைத் துடைத்துக்கொண்டிருந்த சின்னவள் விழித்தாள். "ஜன்னலா? தத்தெடுக்கற செலவுக்குக்கா அந்த கிரெடிட். நேத்துதான் கோர்ட் ஆர்டர் வந்துச்சு. ரெண்டு வயசுப் பொண்ணு. திங்கக்கிழமை வீட்டுக்கு வர்றா."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு பிள்ளைகள். சின்னவள் ஒரு குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது தெரியாததல்ல. வெட்கம் வந்தது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"இவ்வளவு பெரிய விஷயத்தை வருஷம் பூரா மூடி வெச்சிருக்கியே, நான் என்ன வேத்து ஆளா?"

"மொத நாளே உங்ககிட்ட சொல்லத்தான்க்கா ஓடி வந்தேன். நீங்க துணி வாங்கப் போயிருந்தீங்க. அத்தான்தான் வீட்ல இருந்தார்."

"என் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

சின்னவள் கையிலிருந்த துணியை மடித்தாள், பிரித்தாள்.

"எல்லாருக்கும் தெரியும்க்கா, உங்க பசங்களுக்குக்கூட. குழந்தை கைக்கு வர்ற வரைக்கும் உங்க காதுல மட்டும் போட வேண்டாம்னு அத்தான்தான் சொன்னார். 'அவ தாங்க மாட்டாம்மா'ன்னார்."