நாற்பத்தோராவது பொட்டு

வந்திருந்தவர்கள்: கவுன்டி கமிஷனர் அலுவலகத்திலிருந்து க்ரிஷ். புது வீடுகள் கட்டப்போகும் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர். வீட்டுக்காரர் சங்கங்களிலிருந்து ஏழு பேர். சர்ச்சிலிருந்து ஒரு கிழவர். வெள்ளக் கணக்குப் போடும் இன்ஜினியர் சுவாமிநாதன். பட்டியலில் பெயர் இல்லாமல் சாந்தாமணி.

கூட்டக் குறிப்பில் கடைசிப் பெயரை எழுதலாமா என்று சுவாமிநாதன் யோசித்தான். க்ரிஷ் பார்க்காத நேரம் பார்த்து எழுதிவிட்டான்.

கேட்டி என்ற ஊரில் ஒரு நூலகத்தின் கூட்ட அறை, சனிக்கிழமை மதியம். மேசை முழுக்க வரைபடம். போன புயலில் எங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்று வந்தவர்கள் அதில் வட்ட ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். கணுக்காலுக்கு மஞ்சள், முழங்காலுக்கு நீலம், இடுப்புக்குச் சிவப்பு. ஆளுக்கு இரண்டு ஸ்டிக்கர். அதை வைத்துத்தான் சுவாமிநாதன் தன் கணினி மாதிரியைச் சரிசெய்வான். மாதிரி எங்கே அதிகம் நனைந்ததாகக் காட்டுகிறதோ அங்கேதான் கவுன்டி நிர்வாகம் முதலில் ஓடையை அகலப்படுத்தும். மற்ற இடங்களுக்குப் பத்து வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்தது கமிஷனர் அலுவலகம். நவம்பரில் கமிஷனருக்குத் தேர்தல். கம்பெனி ஆட்கள் காலையில்தான் பிளானோவிலிருந்து நாலு மணி நேரம் கார் ஓட்டி வந்திருந்தார்கள். புயலன்று அவர்களில் ஒருத்தன் காலும் இங்கே நனையவில்லை. ஆனாலும் தங்கள் புது மனையை ஒட்டிய ஓடையோரம் வரிசையாக நீலம் ஒட்டினார்கள்.

சாந்தாமணியின் வீடு தெற்கே ஒரு முட்டுச் சந்தில். நூலகக் கதவில் நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏனுங்க தம்பி, எனக்கு ரெண்டு ஸ்டிக்கர் குடுங்க."

க்ரிஷுக்குத் தமிழ் புரியும், பேசமாட்டான். "சாரி ஆன்ட்டி. யூ ஆர் நாட் ஆன் த லிஸ்ட்."

"லிஸ்ட்டப் பாத்துட்டுத்தானுங்களா தம்பி தண்ணி ஊட்டுக்குள்ள வந்துது?"

சிவப்பு ஸ்டிக்கர் தாள் அவன் லேப்டாப்புக்கு அடியில் முழுசாக இருந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

அவள் சுவாமிநாதனிடம் ஃபோனை நீட்டினாள். படத்தில் கராஜ் சுவர். வாஷிங் மெஷினுக்கு மேலே சேற்றுக்கோடு.

"இடுப்புக்கு மேலயா மேடம்?"

"என்ர இடுப்பு இல்லீங்க சார், எங்க ஊட்டுக்காரர் இடுப்பு. அவரு ஆறடி."

அந்த முட்டுச் சந்தை அவனுடைய கணினி மாதிரி காய்ந்த தரையாகக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஒரே ஒரு சிவப்பு இருந்தால் போதும், கணக்கை மறுபடி போட்டாக வேண்டும். போட்டால் தண்ணீர் தெற்கே போகும், ஓடை வேலையும் கூடவே போகும். அது அவனுக்குத் தெரியும். க்ரிஷுக்கும் தெரியும்.

சாந்தாமணி நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்தாள். பட்டாணி அளவு, மெரூன். தன் சந்தின் மேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். கம்பெனி ஆள் ஒருத்தன் நல்ல நிறம் என்றான். அவள் போய்விட்டாள்.

மற்றவர்களும் போனபின் க்ரிஷ் எண்ணினான். நாற்பத்தொன்று.

"ட்வென்ட்டி பீப்பிள், டூ ஈச். ஃபார்ட்டி. டேக் இட் ஆஃப், அங்கிள்."

"அங்க நிஜமாவே தண்ணி வந்திருக்கு, க்ரிஷ்."

"ஐ நோ. மை மாம்ஸ் ஃப்ரெண்ட் லிவ்ஸ் தேர். ஸ்டில் ஃபார்ட்டி."

சுவாமிநாதன் நகத்தால் சுரண்டினான். அவனுடைய அடுத்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடப்போவது கமிஷனர்தான். பொட்டோடு காகிதமும் கொஞ்சம் பிய்ந்து வந்தது. சந்து இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு ஓட்டை.

அப்போது கதவைத் திறந்துகொண்டு சாந்தாமணி வந்தாள். மூக்குக்கண்ணாடியை நாற்காலியில் மறந்திருந்தாள். அதை எடுத்துப் போட்டுக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள். பிறகு அவன் விரல் நுனியைப் பார்த்தாள்.

"குடுங்க. அது என்னுது."

கொடுத்தான். அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். பின்னால் காகிதம் ஒட்டியிருந்ததால் நிற்கவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"அடுத்த மழைக்குக் காரை எங்க நிறுத்தறதுன்னாவது உங்க கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்லுங்க சார்."

அவன் பேனாவுக்கு மூடியைத் தேடினான். அவள் வெளியே போனாள். க்ரிஷ் எழுந்து போய் அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினான்.