முள் இறங்காத வண்டி

எனக்குப் பொறாமை என்ற குணமே கிடையாது. எங்கள் ஊர் பெருமாட்டியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் தம்பி பூபதிராஜாவை மட்டும் கேட்க வேண்டாம். புதுக் கார் வாங்கியதிலிருந்து அவன் என்னைப் பற்றித் தவறாகப் பேசிக்கொண்டு திரிகிறான். அவன் காரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்ததாம். எரிந்தது உண்மைதான். ஆனால் அன்று மத்தியானம் நான் மாங்காய் ஊறுகாய் கொஞ்சம் அதிகமாகத் தின்றிருந்தேன்.

அந்தக் கார் பேசும். ஏறி உட்கார்ந்தால் பெல்ட்டைப் போடச் சொல்லி ஒரு பெண்குரல் வரும். என் மனைவி சரஸ்வதியம்மாள் ஒரு தடவை அதில் பக்கத்து ஊரான சித்தூர் போய்விட்டு வந்து, "ஏனுங்க, என்ன மரியாதையாப் பேசுதுங்க அந்த வண்டி! நம்மூட்டுல எதும் அப்படிப் பேசறதில்லீங்க" என்றாள். சொல்லும்போது வண்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

என்னுடைய பழைய வெள்ளைக் கார் பேசாது. இருமும். அப்புறம் நின்றுவிடும்.

அது நின்றதுகூடப் பெரிதில்லை, நின்ற நேரம்தான் பெரிது. எங்கள் தங்கை செல்வலட்சுமியின் மகள் யோகப்பிரியாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். எங்கள் வகையறாவில் மூத்த தாய்மாமனின் வண்டியில்தான் பெண் மண்டபத்துக்குப் போவாள். மூத்தவன் நான். செல்வலட்சுமி என் வீட்டுக்கே வந்து முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. நடுரோட்டுல நின்னுபோற வண்டில என்ர பொண்ண ஏத்த மாட்டேன். சின்னண்ணன் வண்டியே வரட்டுமுங்க."

"என்ர வண்டி நிக்காதம்மிணி."

"இப்பவே வாசல்ல நின்னுட்டுத்தானுங்கண்ணா இருக்குது."

அவள் சிறுவயதிலிருந்தே அப்படித்தான்.

டேங்குக்குள் இருக்கும் பம்ப் போய்விட்டது, கல்யாணம் முடிந்துதான் பார்க்க முடியும் என்று ஒர்க்‌ஷாப் பிரதீப் கையை விரித்தான். கல்யாணம் முடிந்தபின் எனக்கு அந்தப் பம்ப் எதற்கு? புதுப் பம்ப்பை நானே வாங்கி வந்தேன். செல்போனில் ஒருவர் அதை மாற்றிக் காட்டினார். அவர் பேசியது இந்தி, எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அவருடைய கைகள் மட்டும் சுத்தமான தமிழில் பேசின. பின்சீட்டைத் தூக்கு, மூடியைக் கழற்று, பழையதை எடு, புதியதை இறக்கு.

இதில் என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் தண்ணீர் பாதாளத்தில் கிடக்கிறது. நான் போர்வெல்லில் இறக்கிய மோட்டார்களை வரிசையாக வைத்தால் பொள்ளாச்சி வரை போகும். கொஞ்சம் தள்ளிக்கூட வைக்கலாம். போரில் மோட்டார் இறக்குகிறவன் ஒன்றை மறக்கவே மாட்டான்: பைப் அறுந்தாலும் மோட்டார் உள்ளே போய்விடாமல் நைலான் கயிறு கட்டி, அதை மேலே இறுக்கி முடிச்சுப் போட்டுவிடுவான். அந்த இந்திக்காரர் கயிறு கட்டவில்லை. பாவம், அவர் ஊரில் போர் இல்லை போலிருக்கிறது. நான் பச்சைக் கயிற்றில் நல்லதாக ஒரு துண்டு வெட்டி, பம்ப்பை மூடியோடு சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டி உள்ளே விட்டேன்.

சாவியைத் திருப்பினேன். வண்டி இருமாமல் கிளம்பியது. அது மட்டுமில்லை. எத்தனையோ வருஷமாகப் பாதிக்கு மேலே ஏறியறியாத பெட்ரோல் முள் எழுந்துபோய் 'புல்'லில் நின்றது. நின்றது நின்றதுதான். சித்தூர் போனேன், இறங்கவில்லை. வண்டித்தாவளம் போனேன், இறங்கவில்லை.

பெட்ரோல் குடிக்காமல் ஓடும் வண்டி உலகத்தில் கிடையாது என்பது எனக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து பூபதி ஜன்னலுக்குள் தலையை விட்டான்.

"ஏனுங்கண்ணா, எப்ப புல் பண்ணுனீங்க?"

"ஞாபகமில்லடா. போன மாசமோ என்னமோ."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதுக் கார் வாங்கிய நாளில் என் முகம் எப்படி இருந்ததாக ஊரெல்லாம் சொன்னானோ, அச்சாக அதே முகம். அப்புறம் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் முள் சொல்வது நிஜம்தான் என்றேன்.

கல்யாணப் பாயசத்துக்கு மறையூர் வெல்லம்தான் வேண்டும் என்று செல்வலட்சுமி சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினேன். "அண்ணா, நானும் வர்றனுங்க" என்று பூபதி முன்சீட்டில் ஏறிக்கொண்டான். வெல்லத்துக்காக அவன் வரவில்லை. உடுமலை தாண்டி, சின்னாறு தாண்டி, மறையூர் வரைக்கும் அவன் ரோட்டைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தான். முள்ளும் அவனையே பார்த்துக்கொண்டு வந்தது.

"ஒரு நூல்கூட எறங்கலியேங்ணா."

"வண்டிய வெச்சுக்கற விதத்துல இருக்குதுடா எல்லாம்."

நடுவில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் இவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எந்தப் பங்க்கில் திருப்புவது?

வெல்ல மூட்டைகளைப் பின்னால் ஏற்றித் திரும்பினோம். இறக்கத்தில் பாதி வந்திருப்போம், இன்ஜின் ஒரு இழுப்பு இழுத்து அணைந்துவிட்டது. நான் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. கியரை எடுத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிட்டேன். ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பிரேக்கை ரெண்டு காலாலும் மிதிக்க வேண்டியிருந்தது.

"அண்ணா, சத்தமே காணமுங்க?"

"உன்ர வண்டி பேசும். என்ர வண்டி மூச்சுக்கூட உடாது பாத்துக்க."

வளைவில் ஒரு யானை ரோட்டில் நின்றது. இவ்வளவு அடக்கமாக வருகிற வண்டியை அதுவும் அதற்கு முன் பார்த்ததில்லை போலும். ஒதுங்கி வழி விட்டது. தும்பிக்கையைத் தூக்கியதாகவும் எனக்கு ஞாபகம். பூபதி அதைப் பார்க்கவில்லை என்கிறான். அவன்தான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தானே.

சின்னாறு செக்போஸ்ட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன மேடு வந்தது. மேட்டில் வண்டி உருளாது என்பது எல்லாருக்கும் தெரியும். நின்றது. முள் 'புல்'லில் நின்றது.

பின்னால் ஒரு ஜீப் வந்தது. ஓட்டிவந்தவர் பாண்டித்துரை, மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊரில் இருக்கும் எஸ்டேட்காரர். இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, புல்லுன்னு காட்டுது, வண்டி பசியில கெடக்கு? பொய் சொல்லிப் பழகுன வண்டியா?"

ஜீப்பில் அவர் கேனில் கொஞ்சம் பெட்ரோல் வைத்திருந்தார். பூபதி அவரை, "ஒரு நிமிசம் இருங்க" என்று நிறுத்திவிட்டு, வெல்ல மூட்டைகளை இறக்கிப் பின்சீட்டைத் தூக்கினான். மூடிமேல் இருந்த வயர் சாக்கெட்டைப் பிடுங்கினான். முள் தொப்பென்று கீழே விழுந்தது. மறுபடி சொருகினான். எழுந்து 'புல்'லுக்குப் போனது.

"மீட்டரு நல்லாருக்குதுங்க, வயரும் நல்லாருக்குது. உள்ளதான் எதோ புடிச்சுட்டிருக்குது" என்றபடி மூடியைக் கழற்றிப் பம்ப்பை மேலே தூக்கினான்.

பம்ப்பின் பக்கத்தில் ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு மிதவை. பெட்ரோலோடு ஏறி இறங்கி முள்ளை ஆட்டுவது அதுதான். என் பச்சைக் கயிறு அந்தக் கம்பியையும் சேர்த்து மேலே இழுத்துக் கட்டியிருந்தது. டேங்க் காய்ந்து கிடந்தாலும் மிதவை மேலேயே இருக்கும்.

பாண்டித்துரை சிரித்த சிரிப்பில் எதிர்மரத்துக் குரங்குகள் கீழே இறங்கி வந்துவிட்டன. பூபதி சிரிக்கவில்லை. கயிற்றைத் தடவிப் பார்த்தான். அவனும் போரில் மோட்டார் இறக்குகிறவன்தானே.

"கயிறு கட்டுனது சரிதானுங்ணா. கட்டாம எப்புடி உடறது? முடிச்சுதான் எடம் மாறிப்போச்சு."

அவனே அவிழ்த்து, அவனே கட்டி, அவனே உள்ளே இறக்கினான். பாண்டித்துரை கேனைக் கவிழ்த்தார். வண்டி கிளம்பியது. முள் அடியில் கிடந்தது.

"கொஞ்சந்தானுங்க ஊத்திருக்குது. புல் பண்ணுனா ஏறும்" என்றான்.

உடுமலையில் வாய்வரை ஊற்றினேன். ஏறவில்லை.

"கொஞ்சம் ஓடுனா ஏறும்" என்றான்.

பெருமாட்டி வந்துவிட்டது. முள் ஏறவில்லை. நிறைந்த டேங்கைத் திறந்தால் பெட்ரோல் சீட்டெல்லாம் வழியும், நாளைக்குப் பெண் உட்கார வேண்டிய சீட். முள் எங்கே இருந்தால் என்ன, வண்டி வயிறு நிறைய இருக்கிறது, நிற்காது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் வண்டியைக் கழுவி, மல்லிகைச் சரம் சுற்றி, செல்வலட்சுமி வீட்டு வாசலில் எல்லாருக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். யோகப்பிரியா பட்டுச்சேலையில் வந்து கதவில் கை வைத்தாள். "பெரிய மாமா, ஏசி இருக்குதுங்களா?" என்றுகூடக் கேட்டுவிட்டாள். அதற்குள் செல்வலட்சுமி உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் கண் போய் நின்ற இடம் முள்.

"அண்ணா! சொட்டுப் பெட்ரோல் இல்லீங்க!"

"டேங்கு நெறஞ்சிருக்குதம்மிணி. முள்ளுதான் பொய் சொல்லுது."

"போன வாரம் புல்லுன்னு காட்டுனப்ப முள்ளு நெசம் சொல்லுதுன்னு நீங்கதானுங்களே ஊரெல்லாம் சொன்னீங்க?"

"பூபதியக் கேளு. உடுமலைல ரொப்புனப்ப அவனும் இருந்தான்."

பூபதி தன் காருக்குப் பக்கத்தில் நின்றான். அந்தப் பாழாய்ப்போன காரும் பூ வைத்திருந்தது.

"ரொப்புனாங்கதானுங்க" என்றான். அப்புறம் ஒரு நொடி யோசித்து, "ஆனா நல்ல காரியம், எதுக்குங்க சந்தேகத்தோட?" என்றான்.

யோகப்பிரியா கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் காருக்குள் பெண்குரல் அவளைப் பெல்ட் போடச் சொன்னது எனக்கு இங்கே வரை கேட்டது.

என் பின்சீட்டில் தேங்காய்க் கூடைகளை ஏற்றினார்கள். முன்னால் சரஸ்வதியம்மாள். வழியெல்லாம் பூபதியின் காருக்குப் பின்னாலேயே போனோம். "மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்சாப்டி வெச்சுக்குங்க, வீடியோ எடுக்கறாங்க" என்றாள் அவள். வைத்துக்கொண்டேன். கல்யாண வீடியோவில் எனக்குப் பல் வலிப்பது போலத் தெரிகிறது.

மண்டப வாசலில் பூபதியை ஓரமாக இழுத்துக் கேட்டேன். "ஏன்டா, வேணும்னுதானே மிதவையக் கீழ சேத்துக் கட்டுன?"

"ஏனுங்கண்ணா இப்படிக் கேக்கறீங்க? கயித்தக் கீழ இழுத்து இறுக்கோணும்னு சின்ன வயசுல நீங்கதானுங்களே சொல்லிக் குடுத்தீங்க" என்றான். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அப்படிப் பொய் சொல்ல எங்கள் குடும்பத்தில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

என் முள் இன்றும் அடியில்தான் கிடக்கிறது. அவிழ்க்கக் கொஞ்ச நேரம் போதும், ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று நான்தான் அவிழ்க்கவில்லை. அடுத்து பூபதியின் மகள் செல்வப்பிரியாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவன் வண்டியும் ஒரு நாள் பழசாகும், அதற்குள்ளும் ஒரு பம்ப் இருக்கிறது, அதுவும் ஒரு நாள் நிற்கும். பம்ப் மாற்றத் தெரிந்த அண்ணன் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறேன். பச்சைக் கயிறு இரண்டு முழம் மிச்சம் வைத்திருக்கிறேன்.