இரண்டாம் பாகத்து மணி

லுவானுக்கு இரண்டாம் பாகம் என்றாலே ஆகாது. ‘பேரரசு’ என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டின் முதல் பாகத்தை மீசை முளைத்த நாளிலிருந்து ஆடி வருகிறவன் அவன். இப்போது அந்த மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. வியட்நாமின் ஹைபோங் துறைமுகத்துக்குப் பின்னால் தோவா அக்கா நடத்தும் நெட் கடைதான் அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கோயில். இரண்டாம் பாகம் வெளிவந்து அதற்கும் வயதாகிவிட்டது. லுவான் அதைத் தொட்டதுகூட இல்லை. தொடாமலே திட்டுவதில் மட்டும் அவனை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது.

“அதெல்லாம் ஒரு ஆட்டமாடா? வயல் தானா வெதைச்சுக்குது, சிப்பாய் தானா வழி கண்டுபிடிச்சுப் போறான். அப்ப நமக்கு என்ன வேலை? காலாட்டிக்கிட்டு சூரியகாந்தி விதை கொறிக்கவா?”

அவனுடைய கூட்டாளிகள் மூன்று பேரும் ஆமாம் போடுவார்கள். தூயென் மீன்சாறு வியாபாரி, கியெம் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான், பாட் நண்டு நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். நாலு பேரும் ஒரே அணி. மூவரும் இரண்டாம் பாகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. லுவான் திட்டினால் போதாதா?

முதல் பாகத்துச் சிப்பாய்களைப் போல மடையர்களை எங்கும் பார்க்க முடியாது. ஒரு மரம் குறுக்கே நின்றால் பட்டாளமே அதில் முட்டிக்கொண்டு நிற்கும். ஒவ்வொருவனையாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். வயலோ அதற்கு மேல். ஒரு போகம் முடிந்ததும் தரிசாகிவிடும், ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டி மறுபடி விதைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் நெல் தீர்ந்து படை பட்டினி. இந்த இரண்டு இம்சையையும் ஒரே நேரத்தில் மேய்ப்பவன்தான் கெட்டிக்காரன். லுவான் அணியின் முன்வரிசைக்காரன். எதிரியின் வாசலில் சண்டை போட்டுக்கொண்டே முதுகுக்குப் பின்னால் வயலை விதைத்துவிடுவான். “திரையில மேல இருக்கிற நெல் கணக்கைப் பார்க்கிறவன் ஆட்டக்காரனே இல்ல” என்று வேறு பீற்றிக்கொள்வான்.

அவன் வேலை பார்க்கும் கப்பல் பட்டறையில் ஒரு நாள் இரும்புத் தகடு சரிந்து அவன் வலது கையில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் இரண்டு விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவது மனைவிதான். நெட் கடையில் மட்டும் எதுவும் மாறவில்லை என்று சாதித்தான். தோவா அக்காவின் புருஷன் ஒரு தடவை வாய் சும்மா இராமல், “லுவான், இனிமே பின்வரிசையில உட்கார்றியா?” என்று கேட்டுத் தொலைத்தார்.

கடை முழுக்கக் கேட்க லுவான் சொன்னான்: “என் வயல் என் படைக்குச் சோறு போடாத அன்னைக்கு நானே எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம் இந்த வாசப்படியை மிதிச்சா ஏன்னு கேளுங்க.”

சொன்னால் சொன்னதுதான். பிடிவாதத்தில் அவன் ஒரு தனிப்பிறவி. ஆனால் அந்த நாற்காலியை விட்டால் அவனுக்கு வாரத்தில் வேறு என்ன இருக்கிறது? பட்டறையில் அவனை ஸ்டோர் ரூமில் சாவி கொடுக்க உட்கார வைத்துவிட்டார்கள். ராஜாவாக இருந்தது இங்கே மட்டும்தான்.

இந்த நேரத்தில்தான் மியென் வந்து சேர்ந்தாள். பல் ஆஸ்பத்திரியில் வேலை, முப்பது வயது, அசாத்திய வாய். அவளும் அவளோடு வேலை பார்க்கும் மூன்று பேரும் இரண்டாம் பாகத்துப் பிரியர்கள். மின்விசிறிக்குக் கீழே இருக்கும் நாலு கம்ப்யூட்டரும் ஞாயிறு மதியம் தங்களுக்கு வேண்டும் என்றார்கள். அது லுவான் அணியின் பரம்பரைச் சொத்து ஆயிற்றே! சண்டை முற்றியதும் தோவா அக்கா ஒரு வழி சொன்னாள். முதல் பாகத்தில் ஓர் ஆட்டம், இரண்டாம் பாகத்தில் ஓர் ஆட்டம். ஆளுக்கு ஒன்று ஜெயித்தால் மூன்றாவது ஆட்டம். அது எந்தப் பாகம் என்பதை இரண்டாவது ஆட்டத்தில் தோற்றவர்கள் சொல்லலாம்.

முதல் ஆட்டம் முதல் பாகம். மியென் கூட்டத்தின் சிப்பாய்கள் மரத்தில் முட்டிக்கொண்டு நின்றபோதே கதை முடிந்துவிட்டது. லுவான் அவள் கோட்டையைப் பொசுக்கிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“பாத்தியா தங்கச்சி? விரல் விரல்னு பேசுறாங்களே, அந்த விரல்தான் இது.”

“பாத்தேன் அண்ணே. உங்க ஆளுங்க மரத்தோட ஏதோ சொந்தம் கொண்டாடுறாங்கன்னு நெனச்சேன். என் ஆளுங்களும் அதையே செய்றாங்க.”

கடையே சிரித்தது. லுவானும் சிரித்தான்.

அடுத்தது இரண்டாம் பாகம். பழைய ஆட்கள் ஹெட்போன் போடுவதில்லை. ஒருவரையொருவர் கூவி அழைக்க வேண்டுமே, அதனால் ஸ்பீக்கரைத் திறந்தே வைப்பார்கள். ஆட்டம் தொடங்கியது. சொன்னபடியே வயல்கள் தானாக விதைத்துக்கொண்டன. சிப்பாய்கள் மரத்தைச் சுற்றி ஒழுங்காக நடந்தார்கள். லுவானுக்கு இது பிடித்திருந்தது என்று சொன்னால் அவன் அடிக்க வருவான். ஆனால் பிடித்துத்தான் இருந்தது. விரல் நோகாமல் படை திரண்டது. எல்லையைத் தாண்டினான்.

டிங்.

கோயில் மணி போல ஒரு சத்தம் அவன் ஸ்பீக்கரில். “எவன்டா வர்றான்?” என்று படையைத் திருப்பினான். ஒருவரும் இல்லை. மறுபடி டிங். உடனே இன்னொன்று. எல்லாம் அவன் கம்ப்யூட்டரில்தான்.

“என்ன எழவுடா இது? எதிரியா?”

எதிர்வரிசையிலிருந்து மியென் தலையை நீட்டினாள். “எதிரி இல்ல அண்ணே. உங்க கூட்டாளிங்க நெல் அனுப்புறாங்க. யாராவது அனுப்பினா இதுல மணி அடிக்கும். பழசுல அடிக்காது, கணக்கு மட்டும் சத்தமில்லாம ஏறும்.” பிறகு தன் போக்கில் கேட்டாள்: “ஆமா, உங்க களஞ்சியம்தான் நெறஞ்சு கெடக்குமே, எதுக்கு இப்படிக் கொட்டுறாங்க?”

லுவான் வாழ்நாளில் முதல் தடவையாகத் திரையின் மேல் மூலையைப் பார்த்தான். நெல் வழிந்துகொண்டிருந்தது. பிறகு தன் வரிசையைப் பார்த்தான். தூயென் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பாட் காது சிவந்துபோய் உட்கார்ந்திருந்தான். கியெமின் கை மட்டும் பழக்க தோஷத்தில் இன்னொரு மூட்டையைத் தட்டிவிட்டது. டிங். செய்துவிட்டுத்தான் கையை இழுத்துக்கொண்டான்.

இரண்டாம் பாகத்தை ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருந்தால் அந்த மடையர்களுக்கு மணி இருப்பது தெரிந்திருக்கும். தொடக்கூடாது என்று அவன்தானே சொல்லி வைத்திருந்தான்!

“எத்தனை நாளாடா?” என்றான் லுவான்.

தோவா அக்கா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

“தூயென், உன்னைத்தான் கேக்கிறேன். எத்தனை நாளா?”

“உனக்குக் கட்டுப் பிரிச்சு நீ திரும்ப வந்தியே, அன்னையிலேர்ந்து.”

“இப்ப ஜெயிச்சோமே அந்த ஆட்டத்துல?”

“அதுலயும்தான். உன் வயல்ல பாதி தரிசா கெடந்துச்சுடா. நீதான் மேல பார்க்கமாட்டியே.”

“என்கிட்ட ஏன்டா சொல்லல?”

“சொன்னா நீ எந்திரிச்சுப் போயிடுவே” என்று பாட் வெடித்தான். “போனா திரும்பி வருவியா? உன் கொழுப்பு எங்களுக்குத் தெரியாதா?”

லுவானுக்கு முதலில் வந்தது வெட்கம். காதுமடல் வரை சுட்டது. அப்புறம் கோபம் வந்தது, மூன்று பேரையும் நாற்காலியோடு தூக்கி எறியலாம் போல. இத்தனை நாளும் ஜெயித்ததெல்லாம் பிச்சை நெல்லில்! பார்த்துப் பார்த்து ஊட்டியிருக்கிறார்கள், பிறகு தோளைத் தட்டி ‘நீதான்டா ராஜா’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். நாலு பேருமே ஆடவில்லை. மியென் கூட்டத்துக்குக் கோட்டைக்குள் நுழைய அதிக நேரம் ஆகவில்லை. இரண்டாவது ஆட்டம் போயிற்று.

மியெனுக்கு ஜெயித்த சந்தோஷமே இல்லை. “அண்ணே, நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்” என்றாள்.

“நீ என்னம்மா பண்ணுவே.”

அவன் எழுந்தான். தூயென் கண்ணை மூடிக்கொண்டான். லுவான் கதவுப் பக்கம் பார்த்தான். வெளியே வெயில் அடித்தது, மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. வலது கையை இடது கையால் தேய்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

தோவா அக்கா தொண்டையைச் செருமினாள். “மூணாவது ஆட்டம் பாக்கியிருக்கு. எந்தப் பாகம்னு நீதான் சொல்லணும் தம்பி. ஆடலைன்னாலும் சொல்லிடு, நான் கடையைப் பார்க்கணும்.”

“ரெண்டாவதே கேளுடா” என்று தூயென் அவசரமாகச் சொன்னான். “அதுல வயல் தானா வெளையுது. உனக்கு யாரும் எதுவும் தர வேண்டியதில்ல. நீயா ஆடலாம், யாரு தயவும் வேண்டாம்.”

லுவான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“பழசே போடுங்க அக்கா” என்றான். “அதுல மணி அடிக்காது.”