அட்டையின் மூன்றாவது வரி

மரண அட்டையில் நான்கு வரிகள் இருக்கும். முதல் வரி வேதவசனம். இரண்டாவது பெயரும் வயதும், யாருடைய பிள்ளை என்பதும். நான்காவது அடக்க ஆராதனையின் நாளும் நேரமும். இந்த மூன்றையும் காலையிலேயே எழுதிவிட்டேன். அச்சகத்து வீஸ்ஸே நண்பகல் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். மூன்றாவது வரி மட்டும் வரவில்லை.

அந்த வரி ஒருவர் எந்த நோயில் இறந்தார் என்று சொல்வதில்லை. எங்கே போனார் என்று சொல்கிறது. எங்கள் ஊரில் அதற்கு மூன்று வாசகங்கள்தான் புழக்கத்தில் இருக்கின்றன. "கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள்" என்று போட்டால், அவள் மனந்திரும்பியவள், தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவள், அதாவது மீட்புக்கென்று தேர்ந்தெடுக்கப்பட்டவள் என்று ஊரே ஒப்புக்கொண்டதாக அர்த்தம். "நல்நம்பிக்கையோடு பிரிந்தாள்" என்றால் சில அடையாளங்கள் தென்பட்டன, ஆனால் உறுதி இல்லை. "எங்களிடமிருந்து எடுக்கப்பட்டாள்" என்றால் ஒன்றும் தெரியாது. ஒன்றும் தெரியாது என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும்.

இதற்கு எழுதிய சட்டம் கிடையாது. ஆனால் ரொட்டிக் கடையில் அட்டை வந்ததும் பெண்கள் முதலில் படிப்பது மூன்றாவது வரியைத்தான். போன வருஷம் மீன் வியாபாரி ஒருவருக்கு அவர் பிள்ளைகள் முதல் வாசகத்தைப் போட்டுவிட்டார்கள். "அடேயப்பா, எப்போ மனந்திரும்பினாராம்? குடிச்சிட்டுத் தூங்கறப்பவா?" என்று கடையில் ஒரு வாரம் சிரிப்பு. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் பக்கத்து ஊரில்தான் ரொட்டி வாங்குகிறார்கள்.

இப்போது எழுத வேண்டியது என் மகளுக்கு. டானா. இருபத்து மூன்று வயது.

"எழுதிட்டியா?" என்று என் மனைவி பீட்டர்நெல் சமையலறையிலிருந்து கேட்டாள்.

"இல்ல."

"கர்த்தருக்குள்ளன்னு எழுது. ஒரு வரிக்கு ஒரு காலை பூரா உக்காந்திருக்க."

"நமக்குத் தெரியாதே, பீட்டர்நெல்."

"எனக்குத் தெரியும். நான் பெத்தவ."

"பெத்தா தெரியும்னா, ஊர்ல ஒருத்தர்கூட நரகத்துக்குப் போக மாட்டாங்க."

அவள் காப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்த சத்தத்திலேயே பதில் இருந்தது.

நான் இந்தத் தீவின் பம்ப் நிலையத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வயல்கள் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. மழைத் தண்ணீரைத் தூக்கிக் கடலணைக்கு வெளியே தள்ளாவிட்டால் உருளைக்கிழங்கு அழுகிப்போகும். ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. டானா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தையல் மெஷினைக்கூடப் பிரித்து அவளுக்கு விளக்கியிருக்கிறேன். இரட்சிப்பையும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், பல்சக்கரம் பல்சக்கரமாக.

உலகத்தை உண்டாக்குவதற்கு முன்பே தேவன் சிலரைத் தெரிந்துகொண்டார். எல்லாரும் பாவத்தில் செத்துக் கிடக்கிறோம். செத்தவன் கையை நீட்ட முடியாது. அதனால் அவரே ஒருவனை உயிர்ப்பிக்கிறார். உயிர் வந்தவன் இரக்கம் கேட்கிறான். கேட்டவன் பெற்றுக்கொள்கிறான். எந்தச் சக்கரத்தையும் நாம் சுற்றுவதில்லை. எல்லாம் அவர் சுற்றுவது. இதுவரை சரி. சிக்கல் எங்கே என்றால், உயிர்ப்பிக்கப்படாதவனும் கேட்பான். பயத்தில் கேட்பான், பழக்கத்தில் கேட்பான், அழுதுகொண்டும் கேட்பான். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

பம்ப் நிலையத்தின் வெளிக்குழாயில் ஒரு அழுத்தமானி இருக்கிறது. பம்ப் தள்ளினாலும் முள் ஏறும், வெளியே கடல் பொங்கிக் குழாயை அழுத்தினாலும் அதே முள் ஏறும். எது என்று தெரிய வேண்டுமானால் பம்பை நிறுத்திப் பார்ப்பேன். மனுஷியை எப்படி நிறுத்திப் பார்ப்பது?

டானா ரோட்டர்டாமில் நர்ஸ் வேலை பார்த்தாள். அங்கே கித்தார் வாசிக்கும் ஒரு சபைக்குப் போனாள். பிரசங்கம் முடிந்ததும், இயேசுவை ஏற்றுக்கொள்ள விருப்பமுள்ளவர்கள் முன்னால் வரலாம் என்பார்களாம். இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு மாலை போன் செய்தாள். "அப்பா, நான் முன்னால போனேன்" என்றாள். பீட்டர்நெல் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு அழுதாள். அது சந்தோஷமா பயமா என்று எனக்கு இன்னும் தெரியாது. குளிர்காலத்தில் அவள் இரத்தத்தில் நோய் இருப்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு மதியம் நான் அவளிடம் கேட்டேன்.

"நீயா போனியா டானா, இல்ல போக வச்சாங்களா?"

"யாரு, அந்தப் பாஸ்டரா?"

"அவரில்ல. மேல இருக்கவரு."

அவள் சிரித்தாள். வாயெல்லாம் புண், ஆனாலும் சிரித்தாள். "காலு என்னுதுதான்ப்பா. நான்தான் நடந்தேன். உள்ள யாரு தள்ளினாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் எல்லாத்தையும் கழட்டிப் பாக்கறவரு. நீங்க சொல்லுங்க."

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

"கேக்கறேன்ப்பா. தினமும் கேக்கறேன், இரங்கும்னு. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

கடைசி இரண்டு நாளும் உதடு அசைந்துகொண்டே இருந்தது. நானும் பீட்டர்நெல்லும் குனிந்து கேட்டோம். இரங்கும், இரங்கும். அது நின்றபோது அவளும் நின்றாள். முகத்தில் ஒளி வரவில்லை. சிலருக்கு வரும் என்று சொல்வார்கள். நான் அதற்காகவே கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணிக்கு எங்கள் சபையின் மூப்பர் கொட்டே வந்தார். கறுப்புக் கோட்டு, தொப்பி கையில். துக்க வீட்டுக்கு மூப்பர் வந்து ஜெபிப்பது முறை. பீட்டர்நெல் காப்பி ஊற்றினாள், இஞ்சி கேக் வைத்தாள். மேசையில் கிடந்த அட்டையை அவர் பார்த்தார். மூன்றாவது வரியில் காலியிடம்.

"கஷ்டந்தான்" என்றார்.

"கஷ்டமே இல்ல" என்றாள் பீட்டர்நெல். "கர்த்தருக்குள்ளன்னு போடப் போறோம்."

மூப்பர் கேக்கைத் தொடவில்லை. "பீட்டர்நெல், நம்ம ஆசையை நாமளே அச்சடிக்கக் கூடாது. அந்த ரோட்டர்டாம் சபையில மனுஷன் முடிவு பண்றான், தேவன் கையெழுத்துப் போடறாருங்கிற மாதிரி சொல்லிக்கொடுக்கறாங்க. கல்லறைக்குள்ள இருந்து எவனும் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது."

"அவ திறந்தேன்னு சொல்லல. தட்டினேன்னுதான் சொன்னா."

"தட்டறவங்க எல்லாரும்..." என்று ஆரம்பித்து அவர் நிறுத்திக்கொண்டார்.

"மூப்பரே, ஒண்ணு கேக்கலாமா?" பீட்டர்நெல் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "இத்தனை வருஷமா திருவிருந்து மேசைக்கு நீங்க வந்து நான் பாத்ததே இல்லையே."

எங்கள் சபையில் கோவில் நிறைய ஜனம் உண்டு. ஆனால் திருவிருந்து மேசையைப் போட்டால் கிழவர்கள், கிழவிகள் என்று ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். தேவன் தன்னைத் தெரிந்துகொண்டார் என்று நிச்சயம் இல்லாதவன் அந்த அப்பத்தைத் தின்றால் தனக்கே தண்டனையைத் தின்கிறான் என்று நம்புகிறோம். மற்றவர்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். மூப்பர் கொட்டேயும் பெஞ்சில்தான் இருப்பார். அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"வந்ததில்ல" என்றார்.

"ஏன்?"

"கூப்பிட்ட மாதிரி இல்ல."

"நீங்க கேக்கறதில்லையா?"

"கேக்காம இருப்பேனா? பதினாறு வயசுல ஆரம்பிச்சேன். மாட்டுக் கொட்டகையில முழங்கால் போட்டு. இன்னைக்குக் காலையிலயும் கேட்டேன்."

"பதில்?"

அவர் தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"என் மக கேட்டது பொய்யா இருக்கலாம்னா," என்றாள் பீட்டர்நெல், "உங்களுது?"

"அதான் பயம்" என்றார் மூப்பர். "அதே பயந்தாம்மா. வேற எதுவும் இல்ல."

ஜெபிக்க எழுந்து நின்றார். கண்ணை மூடினார். "ஆண்டவரே, இரங்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு வெளியே போனார். காப்பி அப்படியே இருந்தது.

பீட்டர்நெல் அதை வாளியில் ஊற்றினாள். "இவருக்கு அட்டை அடிக்கறப்போ மூணாவது வரில என்ன போடுவாங்களாம்?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கேலி இல்லை.

நான் அட்டையை இழுத்து வைத்துக்கொண்டேன். எதையும் பழுதுபார்க்கும்போது செய்கிற மாதிரி, தெரிந்தது ஒரு பக்கம், தெரியாதது ஒரு பக்கம் என்று பிரித்தேன். தேவன் அவளைத் தெரிந்துகொண்டாரா? தெரியாது. அவள் கேட்டது அவர் கொடுத்த உயிரிலிருந்தா, அவளுடைய பயத்திலிருந்தா? தெரியாது. இப்போது எங்கே இருக்கிறாள்? அதுதான் எனக்கு வேண்டியது, அதுவும் தெரியாது. ஊரில் புழங்கும் மூன்று வாசகங்களும் இந்தத் தெரியாத பக்கத்திலிருந்துதான் வருகின்றன. தெரிந்த பக்கத்தில் ஒன்றே ஒன்று கிடந்தது. அதை எழுதினேன்.

பீட்டர்நெல் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அப்புறம்?"

"அப்புறம் இல்ல."

"கேட்டான்னு போட்டிருக்க. கிடைச்சுதான்னு போடலியே."

"தெரியாதே."

"அவ உன் மக, க்ரெய்ன்."

"தெரியும்."

"அத அங்க எழுதக் கூடாதா? மகன்னு?"

"அது ரெண்டாவது வரில இருக்கு."

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மாடிக்குப் போனாள். டானாவின் அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வீஸ்ஸேக்குப் போன் செய்து நான்கு வரிகளையும் சொன்னேன். மூன்றாவது வரியில் அவன் நின்றான்.

"க்ரெய்ன், இது புதுசா இருக்கே. கர்த்தருக்குள்ளயா, எடுக்கப்பட்டாளா? கடையில கேட்டா நான் என்ன சொல்ல?"

"எழுதினத அப்படியே படிக்கச் சொல்லு."

மூன்றாவது வரியில் அவள் செய்ததை மட்டும் போட வேண்டும், தேவன் அவளுக்குச் செய்ததைப் போடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அதனால் அது இப்படி அச்சாகியிருக்கிறது: "இரக்கம் கேட்டுக்கொண்டே இறந்தாள்." அதில் பொய் இல்லை. ரொட்டிக் கடையில் சிரிப்பதற்கும் ஒன்றும் இல்லை, சபை மறுப்பதற்கும் ஒன்றும் இல்லை. பீட்டர்நெல்லுக்கோ எனக்கோ அதில் ஆறுதலும் இல்லை.