பவளத்தைக் கடித்த மாப்பிள்ளை

என் மச்சினன் கொடுத்த மஞ்சள் மீனுக்கு வீட்டில் மாப்பிள்ளை என்று பெயர். வந்த நாளிலிருந்து தின்பதைத் தவிர அது வேறு எதுவும் செய்யவில்லை. தின்றது என் பவளத்தை. கட்டைவிரல் அளவில் வாங்கி, மூன்று வருடம் கண்ணும் கருத்துமாக வளர்த்த உயிர் அது.

என் கோபத்துக்கு மருந்தாக இந்தக் கடல்மீன் தொட்டியை வாங்கி வைத்தவள் என் மனைவி. அதற்கு முந்தின மாதம் நான் விட்ட அறையில் அவளுக்கு இரண்டு நாள் காது கேட்கவில்லை. அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: இன்னொரு முறை என் கை அவள் மேல் பட்டால் போய்விடுவாள். மூன்று வருடமாகப் படவில்லை. அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

மீனை அடக்கவும் அவளே வழி சொன்னாள்.

“வயிறு நிறைஞ்சா கடிக்காதுங்க. கொஞ்சம் கொஞ்சமா நாலு தடவை போடுங்க.”

போட்டேன். கடல்பாசியைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். வெளியே கண்ணாடி வைத்தேன். தன் உருவத்தோடு இரண்டு நாள் சண்டை போட்டது. பவளத்தின் மேல் பிளாஸ்டிக் வடிகட்டியைக் கவிழ்த்தேன். மாப்பிள்ளை எல்லா உபசாரத்தையும் ஏற்றுக்கொண்டு, வடிகட்டியை நெம்பி உள்ளே போனது.

ஞாயிறு காலை பார்த்தால் பவளத்தில் பாதிச் சதை இல்லை. வெள்ளை எலும்பு தெரிந்தது.

“விடுங்க, தம்பிகிட்டயே திருப்பிக் கொடுத்துடலாம்,” என்றாள்.

“உன் தம்பி வேணும்னேதான்டி கொடுத்திருக்கான்!”

சட்டைக் கையைக்கூட மடிக்காமல் தொட்டிக்குள் கையை விட்டேன். பாறைகளைப் பிடுங்கித் தரையில் எறிந்தேன். பவளம் இருந்த பாறையும் அதோடு போய் உடைந்தது. ஒளிய இடமில்லாமல் மூலையில் ஒதுங்கிய மீனைப் பிடித்தேன். செவுள் முள் உள்ளங்கையில் இறங்கியது. அதைச் சுவரில் ஓங்கி அடித்தேன். விழுந்ததை எடுத்து மறுபடி அடித்தேன். செதில்கள் சுவரில் ஒட்டின. இன்னொரு முறை ஓங்கியபோது அவள் என் கையைப் பிடித்தாள். உதறினேன். என் முழங்கை அவள் வாயில் இடித்தது.

உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

“தெரியாம பட்டுடுச்சு. நான் மீனைத்தானே அடிச்சேன்!”

அவள் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

“அது முதல் அடியிலயே செத்துப்போச்சுங்க. அப்புறம் யாரை அடிச்சீங்க?”

எனக்குப் பதில் தெரியும். அவள் உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.